நான் வெளுத்த பெல்ட்டுகள்

கன்டெய்னருக்குள் கூட்டுகிற வேலையைத்தான் எனக்கு முதலில் கொடுத்தார்கள். சாமான் இறக்கின பிறகு அந்த இரும்புப் பெட்டிக்குள் போனால் வெயில் காலத்தில் மூச்சு முட்டும். உடைந்த பலகை, ஆணி, தெர்மாகோல், சில சமயம் செத்த எலி. எல்லாவற்றையும் வாரி வெளியே கொட்டி, தரையைத் துடைத்துக் கொடுப்பேன். நான் கூட்டின பெட்டியை இன்னொரு தடவை கூட்டச் சொன்னவர் கிடையாது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அந்தக் கன்டெய்னர் யார்டுக்கு நான் போகும்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அதற்கு முன்னால் நாற்று நட்டேன், களை பிடுங்கினேன். நிலமெல்லாம் தகரக் கொட்டகையும் மதில் சுவருமாக ஆன பிறகு எங்கள் காலனியில் எல்லாரும் கம்பெனிக்குத்தான் போனோம். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சேற்றில் குனிந்து நின்றதற்குச் சிமெண்டுத் தரையில் நிமிர்ந்து நின்றது மேல்.

ஐந்தாறு வருஷம் கழித்து ஸ்டோர் ரூமை என்னிடம் விட்டார்கள். ஹெல்மெட், கையுறை, பெல்ட் இவைதான் அங்கே. பெல்ட் என்றால் இடுப்பில் கட்டுகிறது அல்ல. தோள் இரண்டிலும் தொடை இரண்டிலும் மாட்டுகிறது. முதுகில் ஒரு வளையம் இருக்கும். அந்த வளையத்திலிருந்து ஒரு நைலான் வார் போகும். வாரின் நுனியில் பெரிய இரும்புக் கொக்கி. உயரத்தில் ஏறுகிறவன் அந்தக் கொக்கியைத் தலைக்கு மேலே இழுத்துக் கட்டியிருக்கிற கம்பி வடத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். கால் தவறினாலும் வார் அவனைப் பிடித்துக்கொள்ளும்.

ஏன் ஏற வேண்டும் என்று கேட்பீர்கள். துறைமுகத்திலிருந்து லாரியில் வருகிற பெட்டியை கிரேன் தூக்கித் தரையில் வைக்க வேண்டும். பெரிய யார்டுகளில் பெட்டியை மேலிருந்து தானாகவே கவ்விக்கொள்கிற மெஷின் இருக்கிறது. எங்கள் யார்டில் சங்கிலிதான். பெட்டியின் தலையில் நாலு மூலையிலும் ஓட்டை இருக்கும்; ஒரு ஆள் ஏறிப்போய் நாலிலும் சங்கிலியின் கொக்கியைப் போட்டுவிட்டு இறங்க வேண்டும். லாரியும் பெட்டியும் சேர்ந்து ஒரு மாடி உயரத்துக்கு மேல். பிடித்துக்கொள்ளக் கம்பி ஒன்றும் கிடையாது. தகரம் நெளிநெளியாக இருக்கும். வெயிலில் காலைச் சுடும், பனியில் வழுக்கும். இதைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை செய்கிறார்கள்.

நான் ஸ்டோருக்கு வந்த புதிதில் ஒருத்தனும் பெல்ட் போடவில்லை. பன்னிரண்டு பெல்ட்டும் ஆணியில் தொங்கும். சேஃப்டி ஆபீஸர் என்று ஒருவர் மாதம் ஒரு தடவை வருவார். அன்றைக்கு மட்டும் எல்லார் முதுகிலும் ஏறும். ஏன்டா போடுவதில்லை என்று ஒரு நாள் கேட்டேன்.

"மோந்து பாரு ஆயா," என்று ஒருத்தன் பெல்ட்டைத் தூக்கி என் மூக்குக்கு நேரே நீட்டினான். "எவன் வேர்வையோ இது. இத்தப் போட்டுகினு சோறு துன்ன முடியுமா?"

"எனக்குத் தொடையெல்லாம் அரிப்பு ஆயா. பொண்டாட்டி கிட்டயே வர மாட்டேன்றா," என்றான் இன்னொருத்தன்.

"அதுக்கு பெல்ட்டு இன்னா பண்ணும் நைனா? உன் மூஞ்சி அப்டி," என்றான் கிரேன் ஓட்டுகிறவன். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவிலிருந்து தினமும் வண்டியில் வருகிறவன் அவன். எல்லாரையும் நைனா என்பான், என்னை மட்டும் அம்மா என்பான்.

சிரித்தார்கள். சிரிப்புக்கு அடியில் வேறு ஒன்றும் இருந்தது. ஒரு தெருக்காரன் போட்டதை இன்னொரு தெருக்காரன் போட மாட்டான். வடக்கேயிருந்து வந்தவர்கள் போட்டதை இவர்கள் யாரும் தொட மாட்டார்கள். வாய் விட்டுச் சொல்ல மாட்டார்கள், நாற்றம் என்பார்கள். எனக்குத் தெரியாதா அந்த நாற்றம் என்னவென்று.

துவைத்துக் காட்டுகிறேன், அப்புறம் என்ன சொல்லித் தட்டிக் கழிக்கிறீர்கள் பார்க்கிறேன் என்று மனசுக்குள் ஒரு வீம்பு வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் நீல டிரம்மில் வெந்நீர் ஊற்றி, கக்கூஸுக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடரை இரண்டு கை அள்ளிப் போட்டு, பன்னிரண்டு பெல்ட்டையும் வாரோடு ஊற வைத்தேன். மறுநாள் வேலை இல்லாத நாள். யாரும் சொல்லாமல் நானே போய், பிரஷ் போட்டுத் தேய்த்து அலசி, கொட்டகையின் தகரத்தின் மேல் விரித்துக் காய வைத்தேன். நீலமாக இருந்தது வெளுத்து வானம் மாதிரி ஆனது. பிறகு கறுப்பு மையால் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை நம்பர் போட்டேன். எழுத்து எனக்குக் கூட்டித்தான் வரும், நம்பர் தடுமாறாது. உன்னுடையது உனக்கு, இன்னொருத்தன் தொட மாட்டான் என்று ஆளுக்கு ஒன்று கொடுத்தேன்.

கழுத்தில் ஏதோ குத்துகிறது என்றார்கள். உள்பக்கம் ஒரு சின்னத் துணிச் சீட்டு தைத்திருந்தது, இங்கிலீஷ் எழுத்தும் சின்னச் சின்னப் படமுமாக. பிளேடால் அதை எல்லாவற்றிலிருந்தும் அறுத்து எடுத்துவிட்டேன்.

போட ஆரம்பித்தார்கள். முதலில் இரண்டு பேர், அப்புறம் நாலு, மழைக் காலம் முடிவதற்குள் எல்லாரும். சேஃப்டி ஆபீஸர் வந்தார். ஆணியில் வரிசையாகத் தொங்குகிற வெளுத்த பெல்ட்டுகளைப் பார்த்துவிட்டு, "பேஷ், ஆயா கை பட்டா தனிதான்," என்று சொல்லிப் படம் பிடித்துக்கொண்டு போனார். பெல்ட்டைத் தொட்டுப் பார்க்கவில்லை. அதன் பிறகு சனிக்கிழமை தவறாமல் ஊற வைத்தேன், ஞாயிறு காய வைத்தேன். ஏறக்குறைய இரண்டு வருஷம். எங்கள் யார்டில் பெல்ட் போடாமல் ஏறுகிறவன் ஒருத்தன் கிடையாது என்று காலனியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். மற்ற கம்பெனிகளில் யாராவது விழுந்த சேதி வந்தால், "அங்க ஆள் சரியில்ல," என்பேன்.

ஒன்பதாம் நம்பர் பெல்ட் எங்கள் காலனிக்காரனுடையது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, சர்ச்சுக்குப் பின்னால் வீடு. முப்பத்தைந்து வயசு இருக்கும். காலையில் முதலில் வந்து பெல்ட் வாங்குகிறவன் அவன்தான். ரிஜிஸ்டரில் ஒன்பது என்று நான் போட்டதற்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டு, "ரெண்டு பொட்டப் புள்ள வெச்சினு கீறேன் ஆயா, கெட்டியா புடிச்சிக்கச் சொல்லு உன் பெல்ட்ட," என்பான். "அது புடிச்சிக்கும், நீ கொக்கிய மாட்டுடா மொதல்ல," என்பேன். தினமும் இதே பேச்சுத்தான்.

ஐப்பசி மாதம். விடியற்காலையில் தூறி நின்றிருந்தது. பத்து மணி வாக்கில் அவன் ஒரு பெட்டியின் மேல் இருந்தான். மூன்று மூலைக்குச் சங்கிலி போட்டாகிவிட்டது. நாலாவது கொக்கி ஓட்டைக்குள் உட்காராமல் படுத்தியது. கிரேன்காரன் சங்கிலியைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தான். சங்கிலி ஆடி வந்தது. அவன் பின்னால் ஒரு அடி வைத்தான். ஈரத் தகரம். நான் ஸ்டோர் வாசலில் கையுறைகளை உதறிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவன் ஓரத்தைத் தாண்டிப் போனபோதுகூட எனக்குப் பதறவில்லை. பெல்ட் இருக்கிறது, தொங்குவான், ஏணியை உருட்டிக்கொண்டு போய் இறக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு நொடி வார் விறைத்தது. பட்டென்று ஒரு சத்தம். அவன் லாரியின் விளிம்பில் முதுகு அடிபட்டு, அங்கிருந்து தரையில் விழுந்தான்.

எல்லாரும் அவனிடம் ஓடினார்கள். நானும் ஓடினேன். அவன் கண் திறந்திருந்தது, கை அசைந்தது, கால் அசையவில்லை. தண்ணீர் எடுக்க ஓடும்போது நிமிர்ந்து பார்த்தேன். மேலே கம்பி வடத்தில் கொக்கி மாட்டினது மாட்டினபடி இருந்தது. அதிலிருந்து இரண்டு முழம் வார் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. நுனி பஞ்சு மாதிரி பிரிந்திருந்தது.

ஆம்புலன்ஸ் போன பிறகு சூப்பர்வைசர் ஒரு ஆளை மேலே ஏற்றி அந்தக் கொக்கியைக் கழற்றச் சொன்னார். அதை அவர் ஒரு கோணிப்பைக்குள் போட்டதை நானும் பார்த்தேன், கிரேன்காரனும் பார்த்தான். விழுந்தவன் முதுகிலிருந்த பெல்ட்டை ஏற்கெனவே கழற்றி எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் சூப்பர்வைசர் ஸ்டோருக்கு வந்தார். கதவைச் சாத்தினார்.

"ஆயா, நேத்து அவன் பெல்ட்டு வாங்கல. போடாம ஏறினான். ரிஜிஸ்டர்ல நேத்து பக்கத்த எடுத்துட்டு வேற எழுதிடு. ஒம்பதுக்கு நேரா ஒண்ணும் இருக்கக் கூடாது."

"வாங்கினான் சார். நான்தான் குடுத்தேன்."

"குடுத்தேன்னு சொன்னா ஏன் அறுந்துச்சுன்னு கேப்பாங்க. பிளீச்சிங் போட்டா நைலான் செத்துடும், தெரியுமா உனக்கு? வாராவாரம் ஊற வெச்சது யாரு? நானா?"

எனக்குக் கோபம் வந்தது. "என் கையால வெளுத்த துணி இன்னிக்கி வரிக்கும் ஒண்ணு கிழிஞ்சது கிடையாது," என்றேன்.

"சரி, நீயே பாத்துக்க. அப்புறம் உன் பேரு போச்சேன்னு அழாத." ரிஜிஸ்டரை அவரே கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் நாலாம் நம்பர் பெல்ட்டின் வாரை எடுத்து நகத்தால் சுரண்டினேன். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது. கிரேன்காரனைக் கூப்பிட்டு, கொக்கியைக் கொட்டகைத் தூணில் மாட்டி மறுமுனையை இழுக்கச் சொன்னேன். அவன் காலைத் தூணில் உதைத்துக்கொண்டு மூன்று தடவை வெட்டி இழுத்தான். மூன்றாவது தடவை மல்லாக்க விழுந்தான். வாரில் பாதி அவன் கையில் இருந்தது, பாதி தூணில் தொங்கியது.

எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டான். "இது வாரு இல்லம்மா, அப்பளம்," என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் எதுவும் பாக்கலம்மா. எனக்கு வேல போச்சின்னா ஊட்ல அடுப்பு எரியாது. நீயும் பாக்காத," என்று சொல்லிப் போய்விட்டான்.

நானும் பார்க்காதவளாகவே இருந்தேன். இதை மறைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஒரு மாதத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. போலீஸுக்கோ ஜெயிலுக்கோ பயந்து அல்ல. வேலை போனால் இன்னொரு வேலை. ஆனால் ஆயா வெளுத்த பெல்ட்டில் ஒருத்தன் விழுந்தான் என்று காலனியில் ஒரு வாய் சொல்லிவிட்டால் நான் எந்த முகத்தோடு தெருவில் நடப்பேன்? யாரிடமும் ஒரு சொல் வாங்காமல் இருந்துவிட்டவள் நான். மீதி பெல்ட்டுகளை மட்டும், எலி கடித்துவிட்டது, புதுசு வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். வாங்கலாம், வாங்கலாம் என்றார். வெளுப்பதை நிறுத்திவிட்டேன். காலையில் ஒவ்வொருத்தனுக்கும் அந்தச் செத்த வாரை எடுத்துக் கொடுக்கும்போது, "பாத்துடா, பெல்ட்ட நம்பி நிக்காத," என்று மட்டும் சொல்வேன். கிழவிக்குப் பயம் பிடித்துவிட்டது என்று சிரிப்பார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவனை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பார்க்கப் போனேன். ஒரே அறை. கட்டிலில் படுத்திருந்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. என்னைப் பார்த்ததும், "வா ஆயா. நாஷ்டா ஆச்சா?" என்றான்.

"உபசாரத்தப் பாரு," என்றாள் அவன் பெண்டாட்டி. அவனைப் புரட்டி முதுகுப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இந்த அக்கறைய அன்னிக்கி மேல ஏறும்போது காட்டியிருந்தா நான் இன்னிக்கி ஏன் பீ அள்ளப் போறேன்? மத்த பதினோரு பேரும் மாட்டிகினு ஏர்றான். இவருக்கு மட்டும் மறந்து போச்சாம். ரெண்டு பொண்ண வெச்சினு ஒரு கொக்கிய மாட்ட மறந்து போவுமா ஒரு மனுஷனுக்கு?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனதும் என் பக்கம் திரும்பினான்.

"கொக்கிய மாட்டின மாதிரிதான் ஆயா இருக்குது. படுத்துகினே அதத்தான் நெனச்சி நெனச்சிப் பாக்குறேன். கை தூக்கினது ஞாபகம் கீது. ஆனா மாட்டியிருந்தா விழுந்திருக்க மாட்டேனே. உன் பெல்ட்டு ஆச்சே. யானையக் கட்டலாமே அதுல. நான்தான் மறந்துட்டேன் போல."

கொண்டுபோன ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் அந்த ஒரு பேச்சுத்தான் காதில் இருந்தது. அவன் கால் போனதற்கு நான் காரணம். அதற்கு மேல், அவன் தன்னைத் தானே திட்டிக்கொண்டு படுத்திருக்கிறானே, அதற்கும் நான்தான் காரணம். முதலாவது தெரியாமல் செய்தது. இரண்டாவது தெரிந்தே தினம் தினம் செய்துகொண்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் விபத்தை விசாரிக்க அரசாங்கத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். பெண்பிள்ளை, என் மகள் வயசு. ஆபீஸ் அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்டார். பெல்ட் போடவில்லை என்றே எல்லாரும் சொன்னார்கள். கிரேன்காரனும் சொன்னான். என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போய் நின்றேன்.

"இவங்க கூட்டறவங்க மேடம், வயசானவங்க," என்றார் சூப்பர்வைசர்.

"பெல்ட்டு குடுக்கிறது நான்தான்மா," என்றேன். "அன்னிக்கி ஒம்பதாம் நம்பர் அவனுக்குக் குடுத்தேன். அவன் மாட்டினான். கொக்கி வடத்துலயே இருந்துது, என் கண்ணால பாத்தேன். வாருதான் அறுந்துது. அத்த ரெண்டு வருஷமா பிளீச்சிங் பவுடர்ல ஊற வெச்சி வெயில்ல போட்டது நான்."

அதிகாரி என்னை ஸ்டோருக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆணியில் இருந்த ஒரு பெல்ட்டை விரலால் மடக்கிப் பார்த்தார், பொடி உதிர்ந்தது. "இதுல லேபிள் இருந்திருக்குமே அம்மா?" என்று கேட்டார். குத்துகிறது என்றார்கள், அறுத்துவிட்டேன் என்றேன். அவர் தன் வண்டியிலிருந்து ஒரு புதுப் பெல்ட்டைக் கொண்டுவந்து உள்பக்கம் புரட்டிக் காட்டினார். சின்னதாக ஒரு முக்கோணம், அதன் மேல் பெருக்கல் குறி. பிளீச்சிங் போடாதே என்று அர்த்தமாம். பக்கத்தில் சூரியன் மாதிரி ஒன்று, அதற்கும் பெருக்கல் குறி. எழுத்துப் படிக்காதவர்களுக்காகத்தான் படம் போட்டிருக்கிறார்கள். எனக்காகப் போட்டது. யாரும் எனக்கு அதைக் காட்டவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே.

நான் சொன்னதை அவர் எழுதி வாசித்துக் காட்டினார். 'முறையற்ற பராமரிப்பினால் வார் அறுந்தது' என்று ஒரு வரி இருந்தது. அது யார் பராமரிப்பு என்று எழுதவில்லையே என்றேன். "அது உங்களுக்கு வேண்டாம் அம்மா. உங்களுக்குச் சொல்லித் தராதது அவங்க தப்பு," என்றார். அவங்க தப்பையும் எழுதுங்கள், என் தப்பையும் எழுதுங்கள் என்று நின்றேன். எழுதினார். என் பேரை முழுசாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டேன். பெல்ட்டுகள் பதினொன்றையும் அன்றைக்கே வெட்டிப் போட வைத்தார். புதுசு வருகிற வரைக்கும் யாரும் மேலே ஏறக் கூடாது என்றும் எழுதிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போனேன். மற்றவர்கள் சொல்லித் தெரியக் கூடாது என்று வேகமாக நடந்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே, ஊற வைத்ததிலிருந்து ஒன்று விடாமல் சொன்னேன்.

அவன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான். "கொக்கி வடத்துலயே இருந்துதா ஆயா?"

"இருந்துது."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்டா. ரெண்டு முழம் வாரு தொங்கினு இருந்துது."

"அப்போ நான் மாட்டினேன்," என்றான் அவன். பெண்டாட்டியைப் பார்த்து, "நான் மாட்டினேன்டி. கேட்டியா? மாட்டிட்டுத்தான் ஏறினேன்," என்றான். அவனுக்கு வாய் கோணி அழுகை வந்தது.

அவள் கையில் அரிசித் தண்ணீர் சொட்டிக்கொண்டே எழுந்து வந்தாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்று நின்றேன். அடிக்கவில்லை. "இத்தினி நாளா இவர நான் இன்னா பேச்சு பேசியிருக்கேன் தெரியுமா உனக்கு?" என்றாள். "போன வாரம் வந்து நின்னியே. நான் பேசினத காதால கேட்டியே. அப்பக்கூட உன் வாய் தொறக்கலியே. இவரு மூஞ்சிய எப்டி ஆயா பாத்துகினு நின்ன?"

அவள் வாசலைக் கை காட்டினாள்.

"போ ஆயா. இந்த ஊட்டுப் பக்கம் இனி வராத."

நான் வந்துவிட்டேன். அதற்குப் பிறகு போகவில்லை. அவன் இன்னும் கட்டிலில்தான் இருக்கிறான். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், கொக்கி வடத்திலேயே இருந்தது, நான் மாட்டிக்கொண்டுதான் ஏறினேன் என்று சொல்கிறானாம். வாரை வெளுத்தது யார் என்று அவன் சொல்வதில்லையாம். அதை அவள் சொல்கிறாள். தண்ணீர் பிடிக்கிற இடத்தில், நான் குடத்தோடு நிற்கும்போதே, எனக்குக் கேட்கிற மாதிரிச் சொல்கிறாள். நான் என் முறை வருகிற வரைக்கும் நின்று, கேட்டுக்கொண்டு, தண்ணீர் பிடித்துக்கொண்டு வருகிறேன்.